அர்பன் டிக்‌ஷனரி: நல்லா உதவும், ஆனா முதல் பதிலோட நிக்காதீங்க

டிஸ்கார்ட், ரெட்டிட்ல அமெரிக்கப் பசங்க டைப் பண்றது பாதி புரியலன்னு கேக்குறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது அர்பன் டிக்‌ஷனரி தான். 1999ல ஆரோன் பெக்கம் காலேஜ் படிக்கும்போதே ஆரம்பிச்ச, ஸ்லாங்னு சொல்ற பேச்சுவழக்கு வார்த்தைங்களுக்கு அர்த்தம் குடுக்குற சைட், காசு கிடையாது, யார் வேணா அர்த்தம் எழுதலாம், படிக்கிறவங்க தம்ஸ் அப், தம்ஸ் டவுன் போடுவாங்க. புது வார்த்தை வந்த சூட்டோட இங்க ஏறிடும், பெரிய டிக்‌ஷனரிங்க எல்லாம் பொறுமையாத்தான் வரும். ‘ரிஸ்’ஸையே எடுத்துக்கோங்க, பேசியே ஆளைக் கவுக்குற திறமை, மெரியம் வெப்ஸ்டர்ல அது சேர்ந்ததே 2023ல தான், ஆக்ஸ்ஃபோர்டும் அந்த வருஷத்துக்கான சொல்லா அதைத்தான் எடுத்தாங்க, இங்க அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

இதுல உண்மையான பலம் அர்த்தத்துக்குக் கீழ இருக்கிற உதாரண வாக்கியம். அதைப் படிக்காம விட்டா மாட்டிப்பீங்க. ‘லெட் ஹிம் குக்’னா அவனைத் தடுக்காத, ஏதோ பெருசா பண்றான்னு அர்த்தம். ‘ஹி குக்ட்’னா கலக்கிட்டான். அதுவே நடுவுல ஒரு ‘இஸ்’ வந்து ‘ஹி இஸ் குக்ட்’னு ஆச்சுன்னா ஆள் காலி, முடிஞ்சது கதை! வார்த்தையை மட்டும் தேடினா இது பிடிபடவே படாது, மூணு நாலு பேர் எழுதினதை வரிசையா படிச்சாத்தான் விளங்கும்.

எனக்குக் கோவம் வர்ற இடமும் இருக்கு. ஓட்டு நிறைய வாங்கினது மேல வரும், அது சரியான அர்த்தமா இருக்கணும்னு இல்ல, பல நேரம் வெறும் ஜோக், சில நேரம் அசிங்கமா, இனவெறியோட கூட இருக்கும். ‘நோ கேப்’ (no cap)னா பொய் இல்ல, சத்தியமா சொல்றேன். ‘பெட்’ (bet)னா சரி, டன். இப்படி நிறைய வார்த்தை கறுப்பின அமெரிக்கர்கள் பேசுற இங்கிலீஷ்ல இருந்து வந்தது, அதைச் சொல்லாம ஏதோ டிக்டாக் பசங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதி வச்சிருக்காங்க, இது ரொம்பத் தப்பு. யார்கிட்ட சொல்லலாம், ஆபீஸ் சாட்ல போடலாமா, அந்த விவரமும் பெரும்பாலும் கிடைக்காது.

அதனால இங்க பாத்துட்டு மெரியம் வெப்ஸ்டரோட ஸ்லாங் பக்கத்துலயும் ஒரு தடவை பாத்துடுங்க, மீம்ல இருந்து வந்ததுன்னா நோ யுவர் மீம் (Know Your Meme) சைட் தான் பெஸ்ட், எங்க ஆரம்பிச்சது எப்படிப் பரவுச்சுன்னு விவரமா இருக்கும். சின்னப் பசங்ககிட்ட அர்பன் டிக்‌ஷனரியைத் தனியா குடுக்காதீங்க, பக்கத்துல உக்காந்து தேடிக் குடுங்க. 5க்கு 3.5.