பிட்செட்டியின் இறந்தோர் பூசை இசை: வெஸ்ட்மின்ஸ்டர் குழுவின் பதிவு

இத்தாலிய இசையமைப்பாளர் இல்டெப்ராண்டோ பிட்செட்டி (1880–1968) 1922–23ஆம் ஆண்டுகளில் எழுதிய 'மெஸ்ஸா தி ரெக்வியம்' என்னும் இறந்தோர் பூசை இசையை, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயப் பாடகர் குழு ஜேம்ஸ் ஓடானலின் தலைமையில் பாட, ஹைபீரியன் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. கிராமபோன் இதழ் 1998இல் ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்ந்தெடுத்த இந்த இசைத்தட்டை, துக்கத்தைக் கூடிப் பாடும் வழக்கம் இன்னும் அறுந்துபோகாத குமரி மாவட்டத்தில், ஆலயப் பாடகர் குழுக்களில் இருப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

1900இல் மோன்சாவில் சுட்டுக் கொல்லப்பட்ட மன்னர் முதலாம் உம்பெர்த்தோவின் நினைவாக, ரோமாபுரியின் பாந்தியன் ஆலயத்தில் பாடுவதற்கென்றே இது எழுதப்பட்டது. ஆனால் இதில் அரச ஆடம்பரம் எதுவும் இல்லை. மற்றொரு இத்தாலிய இசையமைப்பாளரான வெர்டியின் 1874ஆம் ஆண்டு ரெக்வியத்தில் பெருமுரசும் எக்காளங்களும் முழங்குகின்றன. இங்கோ ஆர்கன்கூடக் கிடையாது, மனிதக் குரல்கள் மட்டுமே. 1920இல் மனைவியை இழந்திருந்த ஒருவர் எழுதியது என்பதை நினைத்துக்கொண்டு கேட்கும்போது, அந்த அடக்கம் இன்னும் ஆழமாகத் தைக்கிறது.

ஐந்து பகுதிகளில் மிக நீண்டதும் இந்தப் படைப்பின் உயிரானதும் 'தியேஸ் ஈரே' (சினத்தின் நாள்). 1960களில் பூசை தமிழுக்கு மாறும்வரை எங்கள் கோட்டாறு மறைமாவட்டத்து இறந்தோர் பூசைகளிலும் ஒலித்த அதே பழைய லத்தீன் மெட்டைப் பிட்செட்டி ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொள்கிறார். குரல்களில் ஒரு பகுதி தீர்ப்பு நாளின் சொற்களை நிதானமாகப் பாடிச் செல்ல, மறுபகுதி சொல் எதுவுமின்றி 'ஓ' என்று அதன்மேல் எழுந்தும் தாழ்ந்தும் அரற்றுகிறது. இழவு வீட்டில் ஒருத்தி பேர் சொல்லிப் பாட, சுற்றியிருப்பவர்கள் சொல்லற்று அழுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறுவர்களின் தூய குரல்கள் இந்த இடத்துக்குச் சற்றே இளமையானவை என்பதுதான் என் ஒரே பெரிய குறை. முதிர்ந்த பெண் குரல்கள் இந்த அரற்றலுக்கு வேண்டிய கனத்தைத் தந்திருக்கும். பேராலயத்தின் எதிரொலியும் சில இடங்களில் சொற்களைக் கரைத்துவிடுவதால், லத்தீன் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

மூன்று குழுக்கள் பன்னிரண்டு குரல்களில் பாடும் 'சாங்துஸ்' (தூயவர்) பகுதியில் அதே சிறுவர் குரல்களும் அதே எதிரொலியும் பெரும் பலமாக மாறிவிடுகின்றன. இறுதியில் வரும் 'லிபெரா மே' (என்னை விடுவியும்) மன்றாட்டு நேர்த்தியாகவே பாடப்பட்டிருக்கிறது. இதே தட்டில் பிட்செட்டியின் 1937ஆம் ஆண்டு 'தே புரோபுந்திஸ்' (ஆழத்திலிருந்து) பாடலும், சுவிஸ் இசையமைப்பாளர் பிராங்க் மார்ட்டின் பல்லாண்டுகள் வெளியே காட்டாமல் வைத்திருந்த இரட்டைக் குழுப் பூசை இசையும் உள்ளன. மார்ட்டினின் பூசை தனியாக எழுதத் தகுந்தது.

கீபோர்டைச் சார்ந்தே பாடிப் பழகிய நம் குழுக்களுக்கு 'சாங்துஸ்' எட்டாது. நான்கு குரல்களுக்கான குறுகிய 'ஆக்னுஸ் தேயி' (இறைவனின் செம்மறி) பகுதி அப்படியல்ல. நான்கு குரல்களில் பாமாலை பாடும் சி.எஸ்.ஐ. குழுக்களும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குத் தயாராகும் கத்தோலிக்கக் குழுக்களும் சில மாதப் பயிற்சியில் அதைத் துணிந்து முயலலாம். இசைக்குறிப்பை வெளியிட்டிருப்பது ரிக்கோர்தி நிறுவனம்.