4 வார லீவு, 12 வார மருந்து

லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் இலங்கையின் அட்டன், பதுளைப் பக்கம் போகிறவர்கள், அப்பா சிகரெட்டை விடட்டும் என்று நிக்கட்டின் சூயிங்கம் பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். மருந்து 12 வாரம் ஓட வேண்டும். லீவோ 4 வாரம்தான். போய்வந்து பார்த்ததில், கணக்கு அங்கேதான் பிசகுகிறது.

எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிந்தினால் 2. முதல் 6 வாரம் 1–2 மணித்தியாலத்துக்கு ஒன்று, நாளைக்கு 9க்குக் குறையக்கூடாது. அதற்கே 378 வேண்டும்! அடுத்த 3 வாரம் 2–4 மணித்தியாலத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4–8க்கு ஒன்று. ஊர் பாமசியை நம்பாமல் முழுவதையும் கொண்டுபோங்கள்.

சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கட்டின் வயிற்றுக்குள் இறங்கி விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். வாய் சுள்ளென்றதும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியதும் திரும்ப மெல்ல வேண்டும். இப்படி அரை மணித்தியாலம். வெற்றிலை போடும் நம் ஆட்களுக்கு ஒதுக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வெற்றிலையோடு போயிலை போனால் அதையும் விட வேண்டும்.

பெரிய சிக்கல் பிளேன்டீ. தேத்தண்ணி, கோப்பி, சோடா குடித்த வாய் புளிப்பேறி நிக்கட்டினை உறிஞ்சாது. 15 நிமிட இடைவெளி வேண்டும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் தேத்தண்ணியும் பீடியும் ஒன்றாகவே வரும். அதனால் தேத்தண்ணிக்கு முக்கால் மணித்தியாலம் முன்பே ஒன்றை மெல்லத் தொடங்கி முடிப்பது நல்லது.

ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் குடிப்பவரென்றால் முதலில் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். சிகரெட் புகை அந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாகக் கழிக்கும். புகை நின்றதும் அதே அளவு கூடிப்போய் வாந்தி, படபடப்பு வரும். சூயிங்கம் இதை ஈடுகட்டாது. இன்னொரு வழியான புப்ரோப்பியன் குளிசை, வலிப்பு வந்தவருக்கு ஆகவே ஆகாது.

சிகரெட்டை விடும் ஆலோசனைக்கு இலங்கைக்குள் 1948 என்ற போன் நம்பருக்கு அழைக்கலாம். எடுத்ததுமே தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்திலும் புகைப்பழக்கம் பற்றிப் பேசலாம். விடும் நாளைக் குறித்தால், அதன்பின் முதல் வாரத்துக்குள் ஒரு சந்திப்பு கட்டாயம். வழுக்கி விழுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

திரும்பி வந்தபின் போனில் “விட்டுட்டீங்களா?” என்று விசாரணை வைக்காதீர்கள். “எந்த நேரம் மனசு இழுத்துச்சு?” என்று கேளுங்கள். பெட்டியில் எத்தனை மிச்சம் என்றும் கேளுங்கள். நிறைய மிஞ்சியிருந்தால், அப்பா போதிய அளவு மெல்லவில்லை.