குர்னிக் ஸாப்ஜே: ஒரு மஃப்ளரும் ஒரு சிறுபுத்தகமும்

போலந்து நாட்டின் குர்னிக் ஸாப்ஜே காற்பந்துக் கழகத்தின் பெயர் நெய்த மஃப்ளரையும், அதன் வரலாற்றைக் கூறும் 24 பக்க ஆங்கிலச் சிறுபுத்தகத்தையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் இணையக் கடை ஒன்றிலிருந்து, அஞ்சல் செலவையும் சேர்த்து 640 ராண்டுக்கு வாங்கினேன். டர்பனில் இருந்துகொண்டு மஃப்ளர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்; எங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு சட்டையே போதும். நான் வாங்கியது புத்தகத்துக்காக.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பளி என்பது விளம்பரம்; ஓரத்தில் தைத்திருந்த சீட்டில் இருந்ததோ அக்ரிலிக். நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய கழகத்தின் மூன்று நிறங்களும் இரண்டு முறை துவைத்த பிறகும் ஒன்றோடொன்று கலக்கவில்லை என்பதால் அதை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது பெயரில் உள்ள பிழை. போலந்து மொழியில் 'ஓ' எழுத்தின் தலைமீது ஒரு சாய்கோடு இட்டால் அது உகரமாக ஒலிக்கும். அந்தக் கோட்டை நெய்தவர் விட்டுவிட்டதால் 'குர்னிக்' என்பது 'கோர்னிக்' ஆகிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் மெய்யெழுத்தின் புள்ளியை மறந்தால் ஒரு பக்கம் முழுவதும் திரும்ப எழுதச் சொல்கிறோம்; கழகத்தின் பெயரையே விற்கும் கடைக்கு அந்த அளவு கண்டிப்பாவது இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயருக்குச் சுரங்கத் தொழிலாளி என்று பொருள். புத்தகம் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கோப்பைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறது. 1945 வரை ஹிண்டன்பர்க் என்ற பெயரில் ஜெர்மனியின் நிலக்கரி நகரமாக இருந்த ஸாப்ஜே, போருக்குப் பின் போலந்துக்கு வந்ததும், 1948 டிசம்பரில் அங்கிருந்த சில சிறு கழகங்களை இணைத்து இக்கழகம் உருவாக்கப்பட்டதும் இதில் இல்லை. அதனால்தான் எர்னஸ்ட் போல் என்ற பெயர் ஒரு பக்கத்தில் ஓர் எழுத்துக் குறைவாகவும் அடுத்த பக்கத்தில் ஜெர்மானிய முறைப்படி ஓர் எழுத்துக் கூடுதலாகவும் அச்சாகியிருக்கும்போது, வாசகர் இருவேறு ஆட்டக்காரர்கள் என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் இருவரும் ஒருவரே. போலந்தின் முதல்நிலைத் தொடரில் 186 கோல்கள் அடித்து, கழகத்தின் அரங்கத்துக்கே தம் பெயரைத் தந்தவர். நகரின் எல்லையும் மொழியும் மாறியதால் மனிதரின் பெயரும் மாறியது என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் போதும். இந்நாட்டின் டான்ஹவுசர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு கிரிமிட்டில், அதாவது ஒப்பந்தக் கூலியாக, வந்த என் பூட்டனாரின் பெயரும் பதிவேட்டுக்குப் பதிவேடு வேறாகத்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் குறை எனக்குச் சற்று அதிகமாகவே உறுத்தியது.

புத்தகத்தின் உயிர் 1970ஆம் ஆண்டுக்கு ஒதுக்கிய ஐந்து பக்கங்களில் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற கழகங்கள் மோதும் 'கோப்பை வென்றோர் கோப்பை'யின் அரையிறுதியில் ரோமா அணியுடன் ரோமில் 1–1, சொந்த மண்ணில் 2–2, பொதுவிடமான ஸ்ட்ராஸ்பூரில் மீண்டும் 1–1 என்று மூன்று ஆட்டங்களும் சமனில் முடிய, கடைசியில் நாணயத்தைச் சுண்டி முடிவு கண்டார்கள். பூவா தலையாவில் குர்னிக் வென்றது. வியன்னாவில் ஏப்ரல் 29 அன்று மழையில் நடந்த இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி 2–1 என்று வென்றது. குர்னிக்கின் ஒரே கோல் அணித்தலைவர் ஸ்தானிஸ்வாவ் ஓஸ்லிஸ்வோவுடையது. அன்றிரவே இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பையின் மறு இறுதியாட்டமும் நடந்ததால் அந்நாட்டினரே இதை நேரலையில் பார்க்கவில்லை என்ற செய்தியைப் புத்தகம் நன்றாகச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான். வார இறுதிகளில் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானமே கதியென்று கிடந்த என் அப்பா, வியன்னாவின் முடிவைச் செய்தித்தாளின் ஒரு மூலையில் படித்ததாகச் சொல்வார். இவ்வளவு சிறப்பான பக்கத்தில் படக்குறிப்பு மட்டும் எதிரணியை, அதே ஊரில் சிட்டியின் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட் என்கிறது! மான்செஸ்டர்வாசிகள் யாரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.

வ்வோட்ஸிமியெஷ் லுபான்ஸ்கிக்கு இரண்டு பக்கங்கள் கிடைத்திருக்கின்றன. 16 வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கி 48 கோல்கள் அடித்தவர் அவர். 1973இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் அடித்த அதே ஆட்டத்தில் காலில் காயம்பட்டு, மறுஆண்டு உலகக் கோப்பையை இழந்தார். 1985 முதல் 1988 வரை போலந்துத் தொடரில் குர்னிக் தொடர்ந்து நான்கு முறை வாகை சூடிய காலத்துக்கோ அரைப் பக்கம்தான். 1970இல் கோலைக் காத்த ஹூபர்ட் கோஸ்ட்காதான் அவற்றில் முதல் இரண்டையும் பயிற்சியாளராக வென்று தந்தவர் என்பதை எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. 2021இல் வந்து சேர்ந்த, ஜெர்மனி அணியின் முன்னாள் ஆட்டக்காரர் லூகாஸ் போடோல்ஸ்கியின் வண்ணப் படத்துக்கு முழுப் பக்கம் இருக்கிறது.

பிழைகளைக் குறித்து எழுதியபோது, கடைக்காரர் மூன்றே நாளில் மன்னிப்புக் கேட்டு 200 ராண்டைத் திருப்பி அனுப்பினார். மீதி 440 ராண்டு அந்த ஐந்து பக்கங்களுக்குத் தகும். மஃப்ளர் மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். என்னுடையதில் அத்தை வெள்ளை நூலால் இரண்டு தையல் போட்டு அந்தச் சாய்கோட்டை ஏற்றித் தந்துவிட்டார்.