இட்லிக்கு முன்னாலா, இட்லியோடா?

டைப் 1 சர்க்கரை நோய் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்சுலின் எத்தனை யூனிட் என்ற கணக்கு ஓரளவு கைக்கு வந்துவிட்டது. எப்போது போடுவது என்பதைத்தான் இரண்டு முறை மாற்றினேன். முதலில் சாப்பிட அரை மணி முன்னால், பிறகு சாப்பிட்டுக் கை கழுவியதும், இப்போது பதினைந்து நிமிஷம் முன்னால். நான் பதினைந்து நிமிஷக் கட்சி. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் பேசல் ஊசியை இதில் சேர்க்கவில்லை. கிளார்ஜினோ டெக்லுடெக்கோ, அது சாப்பாட்டைப் பார்த்துப் போடுவதில்லை. தினமும் ஒரே நேரம், அவ்வளவுதான். பேச்சு முழுக்கச் சாப்பாட்டு ஊசி பற்றி.

பழையதிலிருந்து வருவோம். ரெகுலர் இன்சுலின், ஒரு மில்லிக்கு 40 யூனிட் பாட்டில், சிவப்பு மூடி சிரிஞ்ச். போட்டு அரை மணி கழித்துத்தான் வேலையைத் தொடங்கும். உச்சத்துக்குப் போக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம், மொத்தமாக ஆறு முதல் எட்டு மணி நேரம் உடம்பில் இருக்கும். காலை எட்டு மணிக்குத் தின்ற இட்லி பத்தரைக்கே கரைந்துபோயிருக்கும், ஊசியோ பதினொன்றுக்கு முழு வேகத்தில் இருக்கும். கல்லூரியில் பதினொரு மணி வகுப்பில் சர்க்கரை இறங்கிப்போய் டெஸ்க்குக்கு அடியில் மேரி பிஸ்கட் கடித்தது இதனால்தான். ஆனால் விலையில் இதை அடிக்க ஆளில்லை, அரசு மருத்துவமனைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். மாதச் செலவை எண்ணிப் பார்க்க வேண்டிய வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அரை மணி காத்திருப்பதையும் நடுவில் ஒரு சிற்றுண்டியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் இதிலும் நன்றாகவே வாழலாம். ஒன்றே ஒன்று: 40 சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை இழுத்துவிடாதீர்கள். பத்து என்ற கோட்டில் இருபத்தைந்து யூனிட் இருக்கும்.

அடுத்து வேக இன்சுலின். லிஸ்ப்ரோ 1996-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது, பின்னாலேயே அஸ்பார்ட், குளுலிசின் வந்தன. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வேலை தொடங்கும், ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் உச்சம், நாலு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்கு இதற்கு மாற்றியபோது, "இனிமே அரை மணி காத்திருக்க வேண்டாம்மா, போட்டுட்டு சாப்பிடலாம்" என்றார்கள். நான் அதைச் சாப்பிட்டுவிட்டும் போடலாம் என்று நீட்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அதில் சுகம் உண்டு. மூன்று இட்லி என்று உட்கார்ந்து நாலாவது விழுந்தால் நாலுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சாம்பார் பிடிக்காமல் இரண்டோடு எழுந்தாலும் பயமில்லை. ஊசி போட்டபின் சாப்பாடு இறங்கவில்லையே என்ற திகில் என்பதே கிடையாது. அந்த இரண்டு வருஷத்தில் நான் லோ ஆனது, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியது, குறைவு. மூன்று மாத சர்க்கரைச் சராசரிதான் (HbA1c) எட்டரைக்குக் கீழே இறங்க மறுத்தது.

ஏன் என்று புரிந்தது, சர்க்கரையை விடாமல் காட்டிக்கொண்டே இருக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிய பிறகு. கணையம் ஒழுங்காக இருப்பவர்களுக்கு இன்சுலின் நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் கலக்கிறது, அதுவும் சில நிமிஷங்களில். நமக்குத் தோலுக்கடியில் ஒரு சொட்டாகத் தேங்குகிறது. அங்கே இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கைகோத்து நிற்கும். பிரிந்து தனித்தனியானால்தான் ரத்தத்துக்குள் நுழைய முடியும். வேக இன்சுலினில் அந்தப் பிடியைத் தளர்த்திவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிடியே இல்லை என்று அர்த்தமில்லை. இட்லி எதற்கும் காத்திருக்காது. அரைத்து, புளித்து, ஆவியில் வெந்த மாவு, வயிற்றுக்கு வேலையே மிச்சமில்லை.

ஒரே மாவு, மூன்று இட்லி, அதே சட்னி, அதே யூனிட். மூன்று விதமாகவும் மூன்று மூன்று காலை போட்டுப் பார்த்தேன். எல்லா நாளும் சர்க்கரை 110, 120 சுமாரில் ஆரம்பம். சாப்பிட்டபின் போட்ட நாட்களில் ஒன்றேகால் மணி நேரத்தில் 260-ஐத் தாண்டியது. முதல் வாயோடு போட்டால் 220 பக்கம். பதினைந்து நிமிஷம் முன்னால் போட்டால் 170-இல் திரும்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மூன்றரை மணி நேரம் கழித்து மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. மதியச் சாப்பாட்டுக்கு முன் மட்டும் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு உடம்பு, ஒன்பது காலை. இதை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பதினைந்தும் கல்லில் பொறித்ததல்ல. சாப்பாட்டுக்கு முன்னாலேயே 200-க்கு மேல் நின்றால் நான் இன்னும் பத்து நிமிஷம் சேர்த்துக் காத்திருப்பேன். 80-க்குக் கீழே இருந்தால் காத்திருப்பதே கிடையாது, தட்டை முதலில் இழுத்துக்கொள்வேன். வயிற்றில் போட்டால் தொடையைவிட வேகமாக ஏறும். ஏப்ரல், மே வெயிலில் நடந்துவிட்டு வந்து போட்டாலும் அப்படித்தான். உங்கள் நிமிஷத்தை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, இவ்வளவு நல்ல வழி என்றால் ஏன் எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை? காரணம் மருந்தில் இல்லை, பரிமாறுகிற கையில் இருக்கிறது.

மயிலாப்பூரில் பெரியம்மா பெண் கல்யாணம். எட்டிப் பார்த்தபோது பந்தியில் பாயசம் போய்க்கொண்டிருந்தது. பாயசம், மோர், அப்புறம் எழுந்துவிடுவார்கள், பத்து நிமிஷம் என்று மனக்கணக்குப் போட்டு, மணமகள் அறைக்குள் போய் ஆறு யூனிட் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தால் மாப்பிள்ளை வீட்டார் பஸ் வந்து நிற்கிறது. "நம்ம வீட்டு ஆளுங்க அடுத்த பந்திக்கு உக்காரலாம்மா, அவங்க முதல்ல சாப்பிடட்டும்" என்றார் மாமா, சம்பந்தி மரியாதையில் குறை வந்துவிடக் கூடாது என்ற கவலையில். அவரிடம் போய் வயிற்றில் ஆறு யூனிட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? முப்பத்தைந்தாவது நிமிஷம் பின்கழுத்தில் வேர்வை, பட்டுப்புடவைக்குள் முழங்கால் ஆடுகிறது, மீட்டரில் 58. அன்றைக்குக் கைப்பையில் லிப்ஸ்டிக் இருந்தது, குளுக்கோஸ் இல்லை. வாசலுக்கு ஓடி வரவேற்புத் தட்டிலிருந்த கற்கண்டைக் கைநிறைய அள்ளி நறநறவென்று கடித்தேன். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த சின்னப் பெண் என் கையையே பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாருக்கும் வேணும்" என்றாள்.

70-க்குக் கீழே போனால் பதினைந்து கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். கற்கண்டில் கிராம் கணக்கா பார்க்க முடியும்? அள்ளியது எவ்வளவோ, இலையில் உட்கார்ந்தபோது 190.

அதிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சாப்பாடு யார் கையில் இருக்கிறது? என் கையில் இருந்தால் பதினைந்து நிமிஷம் முன்னால். கல்யாணப் பந்தி என்றால் இலையில் சாதம் விழுந்த பிறகு. ஓட்டலில் சர்வர் "ரெண்டு நிமிஷம்மா" என்றால் அதற்கு எந்த நிமிஷ மதிப்பும் கிடையாது. தட்டு மேசையைத் தொட்டபின்தான் இன்சுலின் பென்னைத் திறப்பேன். ஆஃபீஸ் கேன்டீனில் வரிசையில் நின்று தட்டை வாங்கி, உட்கார்ந்து, போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே முதலில் கூட்டையும் பொரியலையும் தின்பேன். சாதத்துக்கு வரும்போது ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும், பாதிப் பலன் கிடைத்துவிடும். வெளியே சாப்பிடும் நாளில் சுகர் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஏறினது இரண்டு மணி நேரத்தில் இறங்கும், நடுரோட்டில் லோ ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

எண்ணெயும் நெய்யும் வேறு கதை. வெண்பொங்கல், பிரியாணி, பரோட்டா எதுவானாலும் கொழுப்பு வயிற்றைச் சீக்கிரம் காலியாக விடாது. முன்னால் போட்டால் முதலில் லோ, நாலு மணி நேரம் கழித்து ஹை. கொஞ்சத்தைச் சாப்பாட்டோடும் மிச்சத்தை ஒரு மணி நேரம் கழித்தும் பிரித்துப் போடுகிறேன். எவ்வளவு பிரிப்பது என்பதில் இன்னும் கை பழகவில்லை. பிரியாணி ராத்திரிகளில் சென்சார் அலறி எழுப்புவது சகஜம்.

காத்திருக்கவே பிடிக்காதவர்களுக்கு ஃபியாஸ்ப் இருக்கிறது. அஸ்பார்ட்டோடு நியாசினமைடு சேர்த்து இன்னும் வேகமாக்கியது, 2017-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சாப்பிட உட்காரும்போது போடலாம், தேவையானால் சாப்பிடத் தொடங்கி இருபது நிமிஷம் வரைக்கும்கூடப் போடலாம். மூன்று மாதம் போட்டேன். பந்திக்கும் ஓட்டலுக்கும் அருமை. எனக்குப் போட்ட இடம் சற்று எரிந்தது, செலவும் கூடியது, பழைய வேக இன்சுலினுக்கே திரும்பிவிட்டேன். மூன்று மாதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்சுலின் பம்ப் நான் வைத்துக்கொண்டதே இல்லை. குழந்தைக்கு ஊசி போடும் அம்மாக்களுக்கும் என் கணக்கு பொருந்தாது. நாலு வயதுப் பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடும். சாப்பிட்டபின் போடச் சொல்லி டாக்டர்கள் அவர்களுக்கு இடம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

வீட்டில் என் கடிகாரம் இட்லிப் பானைதான். முன்பெல்லாம் தட்டை உள்ளே வைத்ததும் போட்டுக்கொள்வேன். வெந்து இறக்கி ஆற, சரியாகப் பதினைந்து நிமிஷம். போன மழைக்காலத்தில் ஒருநாள் ஊசி போட்டு நாலாவது நிமிஷம் சிலிண்டர் தீர்ந்தது. அம்மா மாற்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதற்குள் நான் இரண்டு வாழைப்பழத்தை முடித்திருந்தேன். இப்போது முதல் ஈடு ஹாட்பேக்கில் விழுந்த பிறகுதான் ஊசி. இரண்டாம் ஈடு வேகும்வரை அதை யாரும் தொடக் கூடாது. இறக்கினதை ஏன் ஆறவிடுகிறாய் என்று அம்மா தினமும் கேட்கிறாள், தினமும் அந்த ஆறின ஈடு என் தட்டுக்குத்தான் வருகிறது.