டயரை நம்பி 3,40,000 ரூபாய் கொடுத்துவிட்டேன்: பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

இன்று காலை மெக்கானிக் இன்ஜினின் ஆயில் பேனைக் கழற்றிக் காட்டினார். அடியில் தங்கியிருந்த எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்து வெயிலில் நீட்டினார். மினுமினுவென்று இருந்தது. "பேரிங் தேஞ்ச தூளும்மா" என்றார். வண்டி வாங்கி இன்றோடு பன்னிரண்டு நாள். கொடுத்தது 3,40,000 ரூபாய்.

எங்களுக்கு வாழப்பாடி பக்கம் ஐந்து ஏக்கர், மரவள்ளியும் மக்காச்சோளமும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வெளிமாநிலத்தில். காட்டு வேலை முழுக்க என் பொறுப்பு. மழை பெய்த மறுநாள் வாடகை வண்டி கிடைக்காது, கிடைக்கும்போது ஈரம் காய்ந்திருக்கும். இப்படி நாலு வருஷம் பட்டுத்தான் சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தேன். புதுசும் விசாரித்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் 45 எச்.பி. வண்டி எங்களுக்கு எட்டாத விலையில்தான் இருந்தது. கிழங்கு விலை எப்போது விழும் என்று தெரியாத நிலையில் தவணையில் மாட்ட வேண்டாம், பழசே போதும் என்று முடிவு செய்தேன். கிழங்கு மில்லில் வந்த 1,40,000 கையில் இருந்தது. நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 2,00,000 வாங்கினேன்.

பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் படம் பார்த்து, சேலம் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு பழைய வண்டி யார்டுக்குப் போனேன். 2016 மாடல். இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரில் 1,900 மணி. பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. "இப்பத்தான் ஒருத்தர் ஓட்டிப் பாத்துட்டுப் போனாருங்கக்கா" என்றான் யார்டுக்காரன். சாவியைத் திருப்பியதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அப்புறம் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் உட்காரச் சொல்லி, பெரிய டயரின் பட்டனுக்கு நடுவே என் விரலையே வைத்து அழுத்திக் காட்டினான். விரல் முழுசாக உள்ளே போனது. "கம்பெனி டயருங்கக்கா, மாத்தவே இல்ல. நல்லா உழுத வண்டின்னா டயர் இப்படியா இருக்கும்? ஒரு வாத்தியாரு வெச்சிருந்தது, வருஷத்துக்கு ரெண்டு உழவு, அவ்வளவுதான். உங்கள என் கூடப் பொறந்த அக்காவா நெனச்சுச் சொல்றேன், கோட்டை மாரியம்மன் மேல சத்தியம்."

அந்த இடத்தில்தான் நம்பினேன். என் விரலே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. டீ வந்தது, மேசையில் எலுமிச்சம்பழத்தோடு சாவி வந்தது. 3,00,000 வங்கிக் கணக்கில், 40,000 ரொக்கமாக. ஒரிஜினல் ஆர்.சி. கேட்டதற்கு, "பைனான்ஸ்ல இருக்கு, பத்து நாள்ல என்.ஓ.சி.யோட வீடு தேடி வரும்" என்று ஜெராக்ஸ் கொடுத்தான். என்.ஓ.சி. என்றால் கடன் பாக்கி இல்லை என்று பைனான்ஸ்காரர் தரும் சான்று.

மறுநாள் காலை வீட்டில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை மாட்டுக் கொட்டகை வரைக்கும் அடித்தது. ரொட்டவேட்டர் மாட்டி அரை ஏக்கர் ஓட்டுவதற்குள் இழுவை இல்லை. இன்ஜினை நிறுத்தினால் ரொட்டவேட்டரைத் தூக்கி வைத்த லிஃப்ட் தானாக இறங்குகிறது. போன் செய்தேன். முதல் நாள், "ஆயில் மாத்துங்க, சரியாயிரும்." மூன்றாம் நாள், "எங்க மெக்கானிக் ஊருக்குப் போயிருக்காரு." ஐந்தாம் நாள், "பழைய வண்டின்னா நாலு செலவு இருக்கத்தாங்க செய்யும்." 'அக்கா' என்ற அழைப்பு போய்விட்டது, கவனியுங்கள். நேரில் போனேன். முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்டுல ஆம்பளைங்க இருந்தா வந்து பேசச் சொல்லுங்க" என்றான். என் பணத்தை எண்ணி வாங்கும்போது ஆம்பளை தேவைப்படவில்லை அவனுக்கு! நான் கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்து நீட்டினான், 'வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கிறது. அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

இன்று மெக்கானிக் மட்கார்டின் உள்பக்கத்தை டீசல் துணியால் துடைத்தார். பெயின்டுக்கு அடியில் சிமென்ட் மாதிரி இறுகிப்போன கல் தூள். பின் ஆக்சில் ஹவுசிங்கில் இரண்டு பக்கமும் வெல்டிங் வெட்டிய தழும்பு, அதன் மேல் புது பெயின்ட். "இது கம்ப்ரசர் வண்டிம்மா, பாறை தொளைக்கிற காத்து மெஷினைப் பின்னால வெல்டு வெச்சு மாட்டியிருந்தது. கிணறு வெட்டுற எடத்துல, பாறையில குழி போட நாளெல்லாம் நின்ன எடத்துலயே ஓடும். நகராத வண்டிக்கு டயர் எப்படித் தேயும்?" என்றார். எந்த டயரைக் காட்டி நம்ப வைத்தானோ, அந்த டயரே இன்ஜின் செத்ததற்குச் சாட்சி. ஹவர் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு எத்தனை வருஷம் ஓட்டினார்களோ. லைனர், பிஸ்டன், கிராங்க் வேலை எல்லாம் சேர்த்து 90,000 ஆகும் என்கிறார். 3,40,000 கொடுத்த வண்டிக்கு இன்னும் 90,000.

என்.ஓ.சி.யும் வரவில்லை. அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் இப்போதுதான் பார்த்தேன், கடன் இன்னும் அப்படியே நிற்கிறது. இரண்டு நிமிட வேலை, பணம் கொடுக்கும் முன் செய்யவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுத உட்கார்ந்தேன், நேரமில்லை. இதையாவது பாருங்கள். சொல்லாமல் விடியற்காலையில் போங்கள், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். டயர் புதுசாக இருந்தால், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டின் பல்லையும் கிளட்ச் பெடலின் தேய்மானத்தையும் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் புகை குப்குப்பென்று வந்தால் வேண்டாம். உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், 500 ரூபாய் கூலிக்கு யோசித்தேன் நான். ஒரிஜினல் ஆர்.சி.யும், கடன் முடிந்தது என்று பைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்தாயிற்று. 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை சேலம் போகிறேன். அந்த யார்டில் வாங்கி இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

ஆடிப் பட்டம் போய்க்கொண்டிருக்கிறது. மக்காச்சோளக் காட்டுக்கு வாடகை வண்டி வந்துவிட்டது, மணிக்கு 1,200 ரூபாய். வரப்புக் காட்டப் போக வேண்டும்.