இரைச்சலுக்குள் மூன்று எண்கள்: அப்பா, நான், மகள் செய்து பார்த்த செவிச் சோதனை

"சத்தம் கேட்கிறதம்மா, சொல்தான் உடைந்துபோகிறது." வீட்டில் நான்கு பேர் சேர்ந்து பேசினால் 71 வயது அப்பா இப்படித்தான் சொல்வார். "நீங்கள் கவனிப்பதே இல்லை" என்று எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறேன்! பரிசோதனைக்குப் போனபோது அமைதியான அறையில் 'பீப்' ஒலிகளைக் கேட்கவைத்து, இந்த வயதுக்கு இது சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இரைச்சலில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளக்கும் கைபேசிச் செயலி ஒன்றை இறக்கி, அப்பா, நான், 9 வயது மகள் என மூவரும் ஒரே ஹெட்போனில் செய்து பார்த்தோம்.

'உஸ்' என்ற இரைச்சலுக்குள் ஒரு குரல் ஆங்கிலத்தில் மூன்று எண்களைச் சொல்லும். கேட்டதைத் தட்ட வேண்டும். சரியென்றால் அடுத்த முறை குரல் இன்னும் கொஞ்சம் அமிழும். தவறினால் மேலே வரும். பாதி சரி, பாதி தவறு என்று நிலைகொள்ளும் இடமே மதிப்பெண். நெதர்லாந்தில் 2000களின் தொடக்கத்தில் தொலைபேசி வழியே நடத்தப்பட்ட முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஹியர்ஹூ செயலியும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை அளப்பதால், ஒலியளவைச் சற்றுக் கூட்டிக் குறைத்தாலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை.

அப்பா கண்ணை மூடி, இரு கைகளாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டார். 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் அவருக்கு ஒன்றாகவே ஒலித்தன. இரண்டிலும் உயிரொலி ஒன்றுதான், மெய்யொலிகள்தான் வேறு. விமானிகள் வானொலியில் ஒன்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்வதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். வயதாகும்போது முதலில் தேய்வது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ஸ், ஃப் போன்ற மெலிந்த ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. மிச்சத்தை இரைச்சல் மூடிவிடுகிறது.

நான் எதிர்பாராதது மகளின் மதிப்பெண். பக்கத்து அறையில் கிசுகிசுத்தால்கூடக் கேட்டுவிடுபவள், என்னைவிடக் குறைவாக எடுத்தாள். இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் பதின்ம வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். செயலியோ பெரியவர்களுக்கான அளவுகோலை வைத்து அவளுக்கும் 'குறைவு' என்று காட்டியது. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. இது பெரிய குறை. வயதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆங்கில எண்கள் பழகாத முதியவர்களுக்குத் தமிழ்ப் பதிப்பும் அவசியம். ('இரண்டு', 'ஒன்பது' இரண்டும் மற்ற எண்களைவிட நீளமாக ஒலிப்பதாலேயே பிடிபட்டுவிடும் என்பதைச் செய்பவர்கள் யோசிக்க வேண்டும்.)

இந்தக் குறைகளோடும் பரிந்துரைக்கிறேன். சில நிமிட வேலை. ஆனால் இது நோயறிதல் அல்ல. அடுத்த பரிசோதனையில் இரைச்சலில் பேச்சுச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேட்கப்போகிறோம்.

மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார்: "அப்படியென்றால் நான் கவனிக்காமல் இருக்கவில்லை, இல்லையாம்மா?" இப்போதெல்லாம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.