ஆயாவோடு (பாட்டியோடு) நடக்க: புளூ லகூனா, உம்லங்காவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தண்ணீரோரம் சமதளமாக நடக்க வேண்டுமென்றால் இரண்டு இடங்கள்தான் என் நினைவுக்கு வரும்.

உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அலை. தூண்டில்காரர்கள், எதிர்க்கரையில் பீச்வுட் அலையாத்திக் காடு. இங்கிருந்து தெற்கே துறைமுக வாய் வரை சுமார் 8 கிலோமீட்டர் நடைபாதை. எங்கு வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். இங்குள்ள நம் இந்திய வம்சாவளியினருக்கு இந்த ஆறு வெறும் காட்சி இல்லை. சற்று மேலே ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களை 1917 வெள்ளம் அடித்துச் சென்றபோது, ‘படவட்டன் அறுவர்’ எனப்படும் ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரை மீட்டார்கள். குழந்தைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். ஒரே குறை, பெருமழைக்கு அப்புறம் ஆறு கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக். அந்த வாரம் போகாதீர்கள்.

நகருக்கு வடக்கே கடலோரம் உள்ள உம்லங்கா இதைவிடச் சுத்தம், பராமரிப்பும் நல்லது. 1954இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், திமிங்கல விலா எலும்பு வடிவில் ஒரு கடற்பாலம். வடக்கே நடந்தால் ஓலங்கா ஆற்றின் உப்பங்கழி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். காபி விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சக்கர நாற்காலி, தள்ளுவண்டி என்றால் உம்லங்கா. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) பொட்டலத்தோடு குடும்பமாகப் போவதென்றால் நான் புளூ லகூன் பக்கம்தான். எங்கே போனாலும் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று மணலை முகத்தில் வீசும்.